கடைசி வண்டிக்குப் பின்னால்

கண்ணாடியில் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது.

விருத்தாசலம் பழைய கார் சங்கத்தின் போகிப் பயணத்தில் இந்த வருஷம் மொத்தம் ஒன்பது வண்டிகள். ஒன்பதாவது, வாசுகியின் அறுபத்தெட்டாம் வருஷத்து பியட். அதற்குப் பின்னால் சங்கத்து வண்டி எதுவும் கிடையாது. பால் வண்டி வரலாம், கரும்பு லாரி வரலாம், ரோடு என்ன சங்கத்தின் பாட்டன் சொத்தா? ஆனால் பால் வண்டிக்கு இரண்டு விளக்கும் வெள்ளையாக இருக்கும். இதற்கு வலது விளக்கு வெள்ளை. இடது விளக்கு மட்டும் நல்ல மஞ்சள்.

வாசுகி கண்ணாடியைத் துடைத்தாள். புடவைத் தலைப்பால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் அழியவில்லை.

அந்த மஞ்சள் அவளே கொண்டுவந்த வழக்கம். ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் வேலை அவளுக்கு. ரயில் போனால் போதாது. கடைசிப் பெட்டியில் மாட்டிய பலகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்தது என்று அதை அனுப்பிய ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். சங்கத்து வண்டிகளோ ஓடியதைவிடத் தள்ளப்பட்டது அதிகம். ஒன்று வழியில் மூச்சு விட்டு நின்றால் முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாது, பாதிப் பேர் டீ குடித்து முடித்த பிறகுதான் ஆளைத் தேடுவார்கள். அதனால் வாசுகி சட்டம் போட்டாள். கடைசி வண்டியின் இடது விளக்கில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்வண்டி நிற்க வேண்டும், பனியாக இருந்தால் இரண்டு தடவை ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டும், பின்வண்டியைக் கண்ணால் பார்க்காமல் நகரக் கூடாது. கடைசி வண்டிக்கு 'மஞ்சக்கண்ணு' என்று பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குப் போனாலும் சரி, ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கார் காட்டப் போனாலும் சரி, மஞ்சக்கண்ணு வந்து சேராமல் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள்.

இன்றைக்கு மஞ்சக்கண்ணு வாசுகி. தாளை விடியற்காலை ஐந்து மணிக்கு அவளே ஒட்டினாள். அப்படியானால் பின்னால் வருவதற்கு யார் ஒட்டினார்கள்?

மார்கழியின் கடைசிப் பனி. வயல் எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக மூடியிருந்தது. அதற்குள் போகிப் புகை கலந்து, பழைய பாயும் டயரும் எரியும் நாற்றம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது, எங்கேயோ பிள்ளைகள் போகிக்கொட்டு அடிக்கும் சத்தம் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் தேய்ந்தது. முன்னால் தங்கராசுவின் ஜீப்பின் சிவப்பு விளக்கு, அதைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு வேறொரு வாசனை வந்தது. டயர் நாற்றத்துக்கு அடியில், குளிர்ச்சியாக, வாயில் மாவு ஒட்டிய மாதிரி.

ஈரக் களிமண்.

வாசுகி ஜன்னல் கண்ணாடியை இறுக்கி ஏற்றினாள்.

போன வருஷம் மஞ்சக்கண்ணாக வந்தவர் ஆனந்தராஜ். பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு எடுப்பவர். தந்த நிறத்தில் ஒரு ஹெரால்டு கார் வைத்திருந்தார். பின்சீட்டில் எப்போதும் களிமண் வாளி இருக்கும், அந்த வண்டியில் ஏறி இறங்கினால் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்வரை மேலெல்லாம் மண் வாசனை அடிக்கும். ஒரு தடவை மாட்டுவண்டி இடித்ததிலிருந்து அதன் இடது கதவு ஒரே தடவை அறைந்தால் மூடாது. "முதல் அடி கதவுக்கு, ரெண்டாவது அடி இதை வாங்கின எனக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அறைவார்.

அன்றைக்கும் இதே பனி. கம்மாபுரத்துக்கு இந்தப் பக்கம், இழுத்து மூடிய சூளையின் புகைபோக்கி நிற்கும் இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் புது ரோடு. நேரே போனால் பழைய ரோடு, அரைக் கிலோமீட்டரில் களிமண் வெட்டிய பள்ளத்தில் போய் முடியும், பள்ளம் நிறையத் தண்ணீர். அவருக்கு முன்வண்டியாகப் போன வாசுகி அந்தத் திருப்பத்தில் நின்றாள். ஹாரன் அடித்தாள். பதினொரு நிமிஷம் நின்றாள். அப்போது சங்கத் தலைவர் சுந்தரேசன் போன் செய்தார்.

"ஏம்மா வாசுகி, ஆனந்தராஜ் எனக்கு போன் பண்ணாரு. கிளட்ச்சு மக்கர் பண்ணுதாம், வூட்டுக்குத் திரும்பிட்டாரு. நீ வா. விருந்தாளி வந்து உக்காந்திருக்காங்க."

வாசுகி கிளம்பினாள். ஆனந்தராஜ் போன் பண்ணவே இல்லை. அவருக்கு டயர் காற்றுப் போயிருந்தது. மாற்றிக்கொண்டு, பின்தங்கி வந்து, திருப்பத்தில் யாரும் நிற்காததால் நேரே போனார்.

வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கியபோது அதன் நிறமே தெரியவில்லை. மொத்தமும் வெள்ளைக் களி.

கூட்டத்தில் சுந்தரேசன் கையை விரித்தார். "போன் பண்ணேன், இல்லைங்கலை. சீக்கிரம் வாங்கன்னுதான் சொன்னேன். அவரு திரும்பிட்டாருன்னு நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" போனில் நேரம் இருக்கும், பேசின வார்த்தை இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். பியட்டைக் கண்காட்சியில் நிறுத்தட்டும், ஓட்ட வேண்டாம் என்றார்கள். அதெல்லாம் வாசுகிக்குத் தூசு. ஆனந்தராஜின் மனைவி பாரதி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க ஏங்க்கா நிக்கலை?" அது தூசு இல்லை. அதை நினைத்தால் ஒரு வருஷமாகச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் கடைசி வண்டியாக வர ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. மீசை வைத்த அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசுகி யாரையும் கேட்காமல் தாளை எடுத்துத் தன் விளக்கில் ஒட்டினாள். சுந்தரேசனின் கறுப்பு மோரிஸ் காரில், பின்சீட்டில், பாரதி உட்கார்ந்திருந்தாள். பயணம் முடியும் ஏரிக்கரையில் புருஷன் பெயரில் கோப்பை கொடுக்கப் போகிறார்கள், அவளுக்குச் சால்வை போர்த்தி போட்டோ எடுக்கப் போகிறார்கள். கொன்றவன் கையால் சால்வை. பாரதி வாசுகியின் பக்கம் திரும்பவே இல்லை.

இன்றைக்கு அவள் திரும்பியாக வேண்டும், உண்மையைக் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் வாசுகி வந்தாள். வேறு எதற்கும் இல்லை.

கண்ணாடியில் மஞ்சள் விளக்கு கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

வேகத்தைக் கூட்டினாள். அதுவும் கூட்டியது. குறைத்தாள். அதுவும் குறைத்தது, முப்பது அடி இடைவெளியை விடாமல், சங்கத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒழுங்காக வந்தது. அதன் இன்ஜின் சத்தம் சரியில்லை. கொதிக்கிற கூழ் மாதிரி களக் களக் என்று கேட்டது.

புகைபோக்கி பனிக்குள்ளிருந்து மேலே எழும்பியது. திருப்பத்தில் தங்கராசு ஜீப்போடு நின்று, ஹாரன் இரண்டு தடவை அடித்தான். பியட்டைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

"வாங்கக்கா! எல்லாம் வந்தாச்சு, போலாமா?"

"தங்கராசு, என் பின்னாடி வண்டி எதனா தெரியுதா?"

எட்டிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஜீப்பில் ஏறினான், கியர் கரகரவென்று அலற, புது ரோட்டில் போய் மறைந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பின்வண்டி பியட், அதைக் கண்ணால் பார்த்துவிட்டான், சட்டப்படி கிளம்பிவிட்டான்.

வாசுகியும் கிளம்பலாம். கால் கிளட்ச்சின் மேல்தான் இருந்தது. புது ரோட்டில் ஒரு மிதி மிதித்தால் ஏரிக்கரை, வெளிச்சம், ஜனங்கள், சூடான பொங்கல். ஆனால் போன வருஷம் இதே இடத்தில்தான் கிளம்பினாள். கண்ணால் பார்க்காமல், வாய்ச்சொல்லை நம்பி, வண்டி முழுசாக வந்தது என்று லைன் கொடுத்தாள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் செய்யக்கூடாத ஒரே காரியம் அது. சுந்தரேசன் பொய் சொன்னார், சரி. நம்பியது யார்?

இன்ஜினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

பின்னால் அதுவும் நின்றது, களக் களக் சத்தம் மட்டும் மெலிதாகக் கேட்டபடி இருந்தது.

போகிக்கொட்டுச் சத்தம் இங்கே எட்டவில்லை. பியட்டின் சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறியது. பின்னாலிருந்து தண்ணீர் சொட்டியது, நிதானமாக, ஒவ்வொரு சொட்டும் தார் ரோட்டில் விழுவது தனித்தனியாகக் கேட்டது. போன் அடித்தபோது அவள் கத்தியே விட்டாள்.

"ஏம்மா நிக்கிறே?" சுந்தரேசன். "தங்கராசு என்னென்னவோ உளர்றான். எல்லா வண்டியும் வந்தாச்சு, வாம்மா."

"வரலைங்க சார். பின்னாடி ஒரு வண்டி இருக்குது."

"கடைசி வண்டியே நீதானே!"

"நான் இல்லீங்க."

"வேணும்னே பண்றியா? அந்த அம்மா வேற வண்டியில இருக்குது. இன்னிக்குத்தானா உன் நாடகம்?"

"அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க வராம நான் நகர மாட்டேன். விருந்தாளி காத்துக் கிடக்கட்டும்."

போனை வைத்துவிட்டாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். பயமா? பயம்தான். பயந்தால் என்ன, நிற்கக் கூடாதா?

பத்து நிமிஷம். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்தாள். பார்த்தாள். இடைவெளி முப்பது அடியிலிருந்து இருபதாகியிருந்தது. சக்கரம் உருண்ட சத்தமே இல்லை. களிமண் வாசனை இப்போது வண்டிக்குள், பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்த மாதிரி, அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

எதிரே மோரிஸின் விளக்குகள் வந்தன. சுந்தரேசன் இறங்கி நடந்து வந்தார், தலையில் சங்கத்து வெள்ளைத் தொப்பி, முகம் கடுகடுவென்று. வாட்ச் கட்டிய கையால் பியட்டின் பானெட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"இறங்கும்மா கீழே."

வாசுகி இறங்கினாள். "பின்னாடி பாருங்க சார்."

பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார். "எவனோ லாரிக்காரன்."

"லாரிக்கு யாரு மஞ்சத்தாள் ஒட்டினது?"

"உன் லைட்டுதாம்மா, பனியில பட்டுத் திரும்பி அடிக்குது."

"அப்படின்னா பயம் எதுக்கு? போன வருஷம் இங்க நின்ன என்கிட்ட போன்ல என்ன சொன்னீங்களோ, அதை இப்ப சொல்லுங்க. சொன்னீங்கன்னா வண்டிய எடுக்கிறேன். இல்லைன்னா பொழுது சாயற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"மெதுவா பேசு."

"ஏன் மெதுவா பேசணும்? நானா பொய் சொன்னேன்?"

அவர் மோரிஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற அந்த விளக்கைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், கொட்டித் தீர்த்தார். "ஆமா, சொன்னேன். அவன் போன் பண்ணலை. பெரிய மனுஷன் வந்து உக்காந்திருக்கான், போட்டோக்காரன் நிக்கிறான், எல்லாரும் இலைக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க. ஒருத்தனுக்காக எத்தினி நேரம்தான் காத்திருக்கிறது? அவனே வந்துடுவான்னுதான் நினைச்சேன். போதுமா? இப்ப வண்டிய எடு."

மோரிஸின் பின்கதவு திறந்திருந்தது. பாரதி கீழே நின்றாள். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள்.

"கேட்டேன்க்கா," என்றாள் பாரதி. வாசுகியைத்தான் பார்த்துச் சொன்னாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வாசுகிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு நெஞ்சிலிருந்து கிளம்பி, பாதியில் அப்படியே நின்றது.

பின்னால் களக் களக் சத்தம் நின்றிருந்தது.

தண்ணீர் சொட்டவில்லை.

கதவு ஒன்று திறந்தது.

"எவன்டா அது, விளையாடுறீங்களா?" சுந்தரேசன் உரக்கக் கத்தினார். பாரதியின் முன்னால் நிற்க அவரால் முடியவில்லை, அதுதான் நிஜம். அந்த முகத்தைவிடப் பனி தேவலை என்று தோன்றியிருக்கும். விறுவிறுவென்று பின்வண்டியின் விளக்குகளை நோக்கி நடந்தார்.

"போகாதீங்க சார்!" அத்தனை கோபத்திலும் வாசுகி கூப்பிட்டாள்.

வெள்ளைத் தொப்பி பனியில் கரைந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மாறியது. சேற்றில் மிதிப்பது மாதிரி. சளக். சளக்.

கதவு அறைந்தது.

ஒன்று.

வாசுகி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். ஒன்றோடு நிற்கட்டும். பழமலைநாதா, ஒன்றோடு நிற்கட்டும்.

இரண்டு.

"அவரு வண்டிதான், அக்கா," என்றாள் பாரதி.

அது நகர்ந்தது. பியட்டின் பக்கத்தில், ஒரு கை அகலத்தில், மெதுவாக வந்தது. பானெட், கூரை, சக்கரம், எல்லாம் வெள்ளைக் களி. சில இடத்தில் காய்ந்து வெடித்திருந்தது, சில இடத்தில் வழிந்தது. கண்ணாடிகளும் வெள்ளை. இடது ஜன்னல் வாசுகியின் முகத்துக்கு நேராக வந்தபோது உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது. வாட்ச் கட்டிய கை. ஐந்து விரலும் பதறிப் பதறித் துடைத்தன. துடைக்கத் துடைக்க மேலிருந்து களி இறங்கி மூடியது. களி வெளியே மட்டும் இல்லை. உள்ளே, கூரை வரைக்கும் நிறைந்திருந்தது.

பாரதி ஓர் அடி எடுத்து வைத்தாள். வாசுகி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா. அவரு."

"விட மாட்டேன்."

வண்டி வலப்பக்கம் திரும்பவில்லை. நேரே பழைய ரோட்டில் போனது. அந்த ரோட்டை அடைத்துப் போன வருஷமே ஆள் உயரத்துக்கு மண் கொட்டிவிட்டார்கள். இடித்த சத்தம் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு மண்மேட்டுக்குள் போய், அந்தப் பக்கம் தெரிந்தது. சின்னதாகி, சின்னதாகி, பள்ளத்தின் விளிம்பில்.

நின்றது.

ஹாரன் அடித்தது. இரண்டு தடவை.

வாசுகிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. முன்வண்டி திருப்பத்தில் நிற்கும். பின்வண்டி வராமல் நகராது. இப்போது முன்வண்டி அவர், பின்வண்டி அவள். சட்டம் போட்டவள் அவள். பதினொரு நிமிஷம் பொறுத்தவள் அவள். அவருக்கு நிமிஷக் கணக்கு எதுவும் கிடையாது.

பாரதியின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு பியட்டின் முன்னால் போனாள். நகத்தைக் கொடுத்து விளக்கிலிருந்து மஞ்சள் தாளைப் பிய்த்தாள். கிழித்தாள். நாலாக, எட்டாகக் கிழித்துக் கீழே போட்டு மிதித்தாள்.

"நில்லுங்க!" என்று பழைய ரோட்டைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை கிழிந்தது. "நான் பண்ணது தப்புதான், ஆனந்தராஜ். இல்லைங்கலை. ஆனா நான் வர மாட்டேன். இவளையும் அனுப்ப மாட்டேன். எத்தினி நாளானாலும் நில்லுங்க, நானும் இங்கதான் நிப்பேன்!"

வெயில் வந்தது. வயல் தெரிந்தது, புகைபோக்கி தெரிந்தது, மண்மேடு தெரிந்தது. எல்லா இடத்திலும் பனி விலகியது. மண்மேட்டுக்கு மேலே அந்தச் சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது.

பாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். "அக்கா," என்றாள். "தாளைத்தான் கிழிச்சிட்டீங்களே."

வாசுகி குனிந்து பார்த்தாள். பியட்டின் இடது விளக்கிலிருந்து ரோட்டில் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகவே இருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது, ஹேண்ட்பிரேக் இழுத்தபடி இருந்தது. முன்சக்கரம் அரைச் சுற்று உருண்டு, கிழித்துப் போட்ட தாளின் மேல் ஏறியிருந்தது.

அவள் பாரதியைப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றி, குதிகாலை ரோட்டில் அழுத்தி, வண்டியை எதிர்த்துத் தள்ளினாள்.

பள்ளத்தின் பக்கமிருந்து ஹாரன் மறுபடியும் இரண்டு தடவை அடித்தது.